முப்பது வயதைத் தாண்டாத கவிஞர்கள்

எங்கள் வெள்ளவத்தை மண்டபத்தில் இப்போது மேடைக்கு எதிரே ஒரு மின்சாரக் கடிகாரம் மாட்டியிருக்கிறார்களாம். பேச்சாளருக்குக் கொடுத்த நேரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் பூச்சியம் பூச்சியமாக மின்னுமாம். நான் இருந்த வேலையில் இப்போது இருக்கும் சுபா ரெலிபோனில் சொன்னாள்.

"ஒருத்தரும் அதைப் பாக்கினமில்லை அன்ரி. மின்னட்டும் எண்டு விட்டிட்டுப் பேசிக்கொண்டே இருக்கினம். நீங்கள் அந்தக் காலத்திலை எப்பிடி நிப்பாட்டினீங்கள்? மண்டபத்து மலருக்கு எழுதித் தாங்கோ."

நான் எழுதிப் பழகியவள் அல்ல. கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகளிடம் ஓ.எல். வரை படித்தேன், அவ்வளவுதான். ஆனால் நாலு பேர் முன்னால் கதைப்பதைவிட எழுதுவது எனக்கு லேசு. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே ஒப்புக்கொண்டேன்.

நான் மண்டபத்தில் தட்டெழுத்தாளராகத்தான் சேர்ந்தேன். தட்டெழுத்து வேலை காலையிலேயே முடிந்துவிடும். பின்னேரங்களில் என் உண்மையான வேலை கவிஞர்களையும் பேச்சாளர்களையும் நிறுத்துவது. கடைக்குப் போனால் "இது வேணாம், மற்றது தாங்க" என்று சொல்லக்கூட வாய் வராத என்னை, பேராசிரியர்களையும் பண்டிதர்களையும் பாதி வசனத்தில் நிறுத்தும் வேலையில் வைத்தவர் எங்கள் செயலாளர் சோமசேகரம் ஐயா.

ஐயா தெமட்டகொடை றெயில்வே யார்டில் சரக்கு வண்டிகளை அனுப்பும் பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்றவர். இலக்கியத்தில் அவருக்கு ஆசை இருந்தது; நேரத்தில் பக்தி இருந்தது. மண்டபம் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்ததால், கூட்டத்தின் நடுவே கரையோர றெயில் போகும். பேச்சாளர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். ஐயா மட்டும் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, "லேற்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். சபையில் எல்லாரும் அவரை ஸ்டேசன் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். அவருக்கு முன்னால் சொல்வதில்லை.

எனக்கான பயிற்சி ஒரு பின்னேரத்தில் முடிந்தது. ஒரு பித்தளைக் கைமணியை என் மேசையில் வைத்தார்.

"முதல் மணி சிக்னல். ரெண்டாம் மணி பிரேக். மூண்டாம் மணிக்கு வண்டி நிண்டிட வேணும்."

"நிக்காட்டி ஐயா?"

"நிக்காட்டி ரீ."

ரீ என்றால் பிளேன்ரீ, பால் விடாத தேநீர். மூன்றாம் மணிக்கும் நிற்காத பேச்சாளருக்கு, கொதிக்கக் கொதிக்க ஒரு கிளாஸ் பிளேன்ரீயை நான் மேடைக்குக் கொண்டுபோக வேண்டும். அதை அவருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அவருடைய தாளின் மேல் வைக்க வேண்டும். இதுதான் முக்கியம். கிளாஸ் விளிம்பு வரை நிரம்பியிருக்கும். தூக்கினால் கை சுடும், தாளை இழுத்தால் எழுத்தெல்லாம் நனையும். பக்கம் புரட்ட முடியாத தமிழறிஞர் இரண்டு வசனங்களுக்கு மேல் பேசமாட்டார் என்பது ஐயாவின் கண்டுபிடிப்பு. அது பிழைத்து நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோயில் பூசையில் மணி அடிப்பதைக் கேட்டே வளர்ந்தவள் நான். முதல் நாள் பயத்தில், நற்கருணை எழுந்தேற்றத்தில் அடிப்பதுபோல மெல்ல மூன்று தரம் கிணுகிணுத்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த கொட்டாஞ்சேனை ஆட்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்து சிலுவை அடையாளம் போட்டார்கள். பேச்சாளர் அதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து இன்னும் உற்சாகமானார்.

நேரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். அது சண்டைக் காலம். தமிழர் நாலு பேர் ஓரிடத்தில் இருந்து கதைக்க வேண்டுமென்றால் பொலிஸில் அனுமதி வாங்க வேண்டும். எங்களுக்கு ஏழு மணி வரைதான் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனைக்கும் இரத்மலானைக்கும் போகிறவர்கள் ஒவ்வொரு செக்பொயின்றிலும் இறங்கி ஏறி, எங்கே போய்விட்டு வருகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கவிதை கேட்டுவிட்டு வருகிறேன் என்றால் எந்த ஆமிக்காரனும் நம்பமாட்டான். களுபோவில ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போனேன் என்று சொல்லித்தான் எங்கள் ரசிகர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அனுமதி வாங்குவதும் என் வேலைதான். மாதத்தில் ஒரு நாள் ஐயாவோடு பொலிஸுக்குப் போவேன். அவருக்குச் சிங்களம் யார்டுச் சிங்களம். நன்றாகச் சத்தமாகப் பேசுவார், ஆனால் அது பெரும்பாலும் வண்டி தள்ளுவதைப் பற்றியது. ஆகவே நான் மெதுவாக இடையில் சொல்லிக்கொடுப்பேன். முன்பு உள்ளூர்க் கவிஞர்களின் கூட்டம் என்றால் அங்கே கேள்விகள் நீளும். இவர் எந்த ஊர், கொழும்பில் யார் வீட்டில் நிற்கிறார், எப்போது வந்தார், எப்போது போவார். ஒரு முறை தற்செயலாக ஒரு வெளிநாட்டுக் கவிஞரைப் பற்றிய கூட்டத்துக்குப் போனோம்.

"கவுத மே?" என்றார் அங்கிருந்த பொலிஸ் பெரியவர், யார் இது என்று.

"கவியெக், சேர்," என்றேன், ஒரு கவிஞர் என்று.

"கொஹெத இன்னே?" எங்கே இருக்கிறார்?

"மெரிலா, சேர்." செத்துவிட்டார்.

அவருடைய முகம் தெளிந்தது. "மெரிலா நங் பிரஷ்னயக் நே," என்று கையெழுத்துப் போட்டார். செத்தவர் என்றால் பிரச்சினை இல்லை.

வெளியே வந்ததும் ஐயா படியிலேயே நின்றுவிட்டார். "பிள்ளை, உலகத்திலை செத்த கவிஞர் எத்தினை பேர் இருப்பினம்?"

"கனபேர் இருப்பாங்க ஐயா."

"அப்ப எங்களுக்குக் கவலை இல்லை."

எங்கள் மண்டபத்தின் புகழ்பெற்ற உலகக் கவிஞர் வரிசை பிறந்தது இப்படித்தான். மலரில் வேறு காரணங்கள் எழுதியிருப்பார்கள். அவையும் உண்மையாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தேசத்துக் கவிஞர் வந்தார். பனி நாட்டுக் கவிஞர், பாலைவனத்துக் கவிஞர், கரும்புத் தோட்டத் தீவில் பிறந்தவர், சக்கரவர்த்திக்கு எதிராக எழுதி நாடு கடத்தப்பட்டவர். பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. உச்சரிப்புப் பிழை என்று யாராவது ரெலிபோன் எடுப்பார்கள், நான் பதில் சொல்ல வேண்டி வரும்.

அத்தனை பேரின் வாழ்க்கையையும் மணியைப் பிடித்துக்கொண்டு கேட்டவள் நான். பேச்சாளர்கள் எல்லாரும் ஒரே பாதையில் போவார்கள். முதலில் அந்த நாட்டின் சுவாத்தியம், அதாவது வெயிலும் குளிரும். பிறகு ஆறுகள். பிறகு ஏழைக் குடும்பம், அன்பான தாய், குடிகாரத் தகப்பன். தாய் சாகும்போது முதல் மணி. கவிஞர் பட்டணத்துக்கு வந்து வாடகை அறையில் இருமத் தொடங்கும்போது இரண்டாம் மணி. ஒரு பெண்ணைக் கண்டு காதலித்து, அவள் வேறொரு பணக்காரனைக் கட்டும்போது மூன்றாம் மணி, அதோடு பிளேன்ரீ. பெரிய கவிதைகளை எல்லாம் அவர்கள் நாற்பதுக்குப் பிறகு எழுதியிருக்கலாம். எங்கள் மண்டபத்தில் எந்தக் கவிஞரும் முப்பது வயதைத் தாண்டவில்லை. அவர்கள் எழுதியது என்ன என்று யாராவது கேட்டால், நிலவு, தாய், சிறை, சொந்த ஊர் என்று சொல்லலாம். எந்த மாதத்துக்கும் அது பொருந்தியது.

ஆனால் சனம் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து லொட்ஜுகளிலும் சொந்தக்காரர் வீட்டு விறாந்தைகளிலும் இருந்தவர்களுக்குப் பின்னேரத்தில் போய் இருக்க ஓர் இடம் தேவைப்பட்டது. ஒரு மாதம், குண்டு விழுந்த நகரத்தை விட்டு ஓடிய ஒரு கவிஞர் சமையல் பானை ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு எல்லை கடந்தார் என்று பேச்சாளர் உருக்கமாகச் சொன்னார். பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பி, "தம்பி, எத்தினை பேருக்குச் சமைக்கிற பானை?" என்று கேட்டார். பேச்சாளரின் தாளில் அது இல்லை. சபையில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேருக்கானதாக இருந்தால் எப்படி, பத்துப் பேருக்கானதாக இருந்தால் எப்படித் தூக்கியிருப்பார் என்று கூட்டம் முடிந்து படியிறங்கும்வரை கதைத்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு நேரம் கடந்துவிட்டது. அடுத்த முறை பொலிஸில், இனி ஒரு தரம் ஏழு மணி தாண்டினால் மண்டபத்துக்கு அனுமதியே இல்லை என்றார்கள். அதோடு ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஜயசேன என்று ஒரு கான்ஸ்டபிள் வந்து என் மேசைக்குப் பக்கத்தில் இருக்கத் தொடங்கினார். தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார்கள் என்று அடிக்கடி கேட்பார். "அவருடைய அம்மா செத்துவிட்டார்" என்று சிங்களத்தில் சொல்வேன். "மறுபடியுமா?" என்று கவலைப்படுவார்.

இப்போது மரியதாஸ் அண்ணனின் கூட்டத்துக்கு வருகிறேன்.

மரியதாஸ் அண்ணன் எங்கள் கொட்டாஞ்சேனைக் கோயில் பங்கைச் சேர்ந்தவர். துறைமுகத்தில் கப்பல் மூட்டைகளைக் கணக்குப் பார்க்கும் கிளார்க்காக இருந்தார். துறைமுகதாசன் என்ற பெயரில் கவிதை எழுதினார். அவருக்கு அறுபது வயது நிறைந்தது. அதே மாதத்தில் கனடாவில் இருந்த மகள் அவரையும் றீட்டா அக்காவையும் கூப்பிட்டு விசாவும் வந்துவிட்டது. போனால் திரும்பி வரமாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஐயா துணிந்து, உயிரோடு இருக்கும் ஒரு கவிஞருக்குப் பாராட்டுக் கூட்டம் வைக்க முடிவுசெய்தார்.

பொலிஸில் பெரியவர் வழக்கம்போலக் கேட்டார். "மெரிலாத?"

"நே சேர். ஜீவத்வெலா இன்னவா." உயிரோடு இருக்கிறார்.

"அய்?" என்றார் அவர். ஏன்?

கூட்டம் ஏன் என்றுதான் கேட்டிருப்பார். ஐயா சத்தமாக ஏதோ வண்டிப் பாஷையில் விளக்கம் சொன்னார். எதைப் பற்றி எழுதுகிறார் என்று அடுத்த கேள்வி. "நெவ்" என்றார் ஐயா, கப்பல் என்று. பெரியவர் பேனையை வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் துறைமுகத்துக்கு எவ்வளவு காவல் என்பது தெரிந்தவர்களுக்கு விளங்கும். நான் பயத்தில் முந்திக்கொண்டேன். "ஆதரய, சேர். காதல் மட்டும்தான். மனைவியைப் பற்றி." அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அது பொய்யென்று நினைத்துத்தான் சொன்னேன். மரியதாஸ் அண்ணனின் கவிதையில் பாரந்தூக்கிகள் இருந்தார்கள், கொடிகள் இருந்தன, மழையில் நனைந்த கோதுமை மாமூட்டை இருந்தது. றீட்டா அக்கா இருந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பிலோ, ஒரு உதவி. கடசில எனக்கு ஏற்புரைக்குன்னு கொஞ்சம் டைம் வச்சுத் தா. இவளுக்கு ஒண்ணு எழுதியிருக்கேன். வாசிக்கணும்."

"வீட்டுல வாசிக்கலாமே அண்ணன்."

"வீட்டுலயா? வாயத் தொறந்தாலே மீன் கருகுதுன்னு எழும்பிப் போயிடுவா. இத்தன வருசம் அப்படித்தான். சபையில முன்வரிசையில இருத்தினா எழும்ப ஏலாது பாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அங்க போனா மகள் வீடு. பேரப்புள்ளைங்க இங்கிலீசு. என்ட தமிழ அங்க யாரு கேக்கப் போறா? இதுதான் எனக்குக் கடசி மேடை."

கொஞ்சம் தள்ளி மெழுகுதிரி விற்கிறவரோடு நின்ற றீட்டா அக்கா, "என்னா குசுகுசு?" என்று கேட்டார்.

"கூட்டத்தப் பத்தி," என்றேன்.

"நான் வர்றதாச் சொல்லலியே இன்னும். கவித கேக்கவா பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு?"

வந்தார். நல்ல சேலை கட்டி, பெரிய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். நான் என் மேசையில் மணியோடும், பொன்னாடைத் தட்டோடும், ஜயசேனவோடும் இருந்தேன். அன்றைக்கு வாங்கியிருந்த பொன்னாடை நல்ல சிவப்புப் பட்டு.

தொடக்கமே பிந்திவிட்டது. தலைமை தாங்க வேண்டியவர் வழியில் செக்பொயின்றில் நின்றார். ஆகவே ஐயாவே தலைமை வகிப்பது என்று முடிவாயிற்று. முதலில் நாலு பேச்சாளர்கள். நாலு பேரும் உலகக் கவிஞர் வரிசையில் பழகியவர்கள். முதலாமவர் எழும்பி, "கொட்டாஞ்சேனை ஒரு வெப்பமான பிரதேசம்" என்று தொடங்கினார். நான் அப்போதே மணியைக் கையில் எடுத்துவிட்டேன்.

இரண்டாமவர் அண்ணனை ஏழைக் குடிசையில் பிறக்க வைத்தார். றீட்டா அக்கா பக்கத்தில் இருந்தவரிடம், "குடிசையா? இவருட அப்பாவுக்கு ரெண்டு வீடு வாடகைக்கு வுட்டிருந்திச்சு" என்றது என் மேசை வரை கேட்டது. மூன்றாமவர் அண்ணனுக்கு இருமல் கொடுத்தார். அண்ணன் மேடையில் இருந்தபடியே மெல்லத் தலையாட்டி மறுத்தார். அதைப் பேச்சாளர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். நான் மணியை அடித்து அடித்து ஒவ்வொருவரையும் இறக்கினேன்.

நாலாமவர் ஒரு பண்டிதர், யாப்பில் வல்லவர். அவர்தான் வினை செய்தார். "துறைமுகத்தின் ஓரத்திலே ஒரு பெண். கவிஞரின் இளநெஞ்சில் அவள் மூட்டிய தீ இன்னும் அணையவில்லை" என்றார். றீட்டா அக்கா மேடையைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தார். ஒரு குற்றமும் செய்யாதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு அந்த நேரத்தில் தெரிந்திருக்காது. நான் முதல் மணியையும் இரண்டாம் மணியையும் மூன்றாம் மணியையும் சேர்த்தே அடித்துப் பிளேன்ரீயோடு ஓடினேன். பண்டிதர் இறங்கிவிட்டார். ஆனால் அக்காவின் கை கைப்பையின் பிடியில் இருந்தது. கால்கள் இரண்டையும் எழும்புவதற்கு ஆயத்தமாகச் சேர்த்து வைத்திருந்தார்.

இனித் தலைமையுரை, அதன் பிறகு ஏற்புரை. ஐயா எந்தக் கூட்டத்திலும் இரண்டு வசனத்துக்கு மேல் பேசியதில்லை. நேரம் போதும் என்று மூச்சு விட்டேன்.

ஐயா எழும்பினார். கையில் தாள் இல்லை.

"இவரை எனக்கு முப்பது வருசமாத் தெரியும்," என்றார். "கவிஞராத் தெரியாது. துறைமுகத்திலையிருந்து வாற சரக்கு வாகன்களிலை மூட்டைக் கணக்கு அனுப்புற மரியதாஸாத் தெரியும். தெமட்டகொடைக்கு வந்த வண்டியளிலை இவற்றை கணக்கு மட்டும்தான் பிழைக்காது."

சபை நிமிர்ந்து இருந்தது. அன்றைக்குச் சொல்லப்பட்ட முதல் உண்மை அது. ஐயா ஒரு மழை இரவில் மாமூட்டைகள் நனைந்த கதையைச் சொன்னார். வாகன் ஒன்று தடம் புரண்ட கதையைச் சொன்னார். ஒவ்வொரு கதையிலும் அண்ணன் குடையோடு வந்து நின்றார். இவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்தவர் இத்தனை வருடம் மற்றவர்களுக்கு மணி அடிக்க வைத்துவிட்டு ஏன் இருந்தார் என்று யோசித்தேன். பேச்சு நன்றாக இருந்ததுதான் கஷ்டம். அது முடிகிற மாதிரித் தெரியவில்லை.

முதல் மணி அடித்தேன். ஐயா என் பக்கம் பார்த்து, "ரைட்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். இரண்டாம் மணி அடித்தேன். அதற்கும் ரைட். மூன்றாம் மணிக்குப் பிளேன்ரீயைக் கொண்டுபோனேன். தாள் இல்லை, வைக்க இடமில்லாமல் கையிலேயே நீட்டினேன். "நன்றி பிள்ளை" என்று வாங்கி, ஊதி ஊதிக் குடித்தார். மேடையில் அந்த ரீயைக் குடித்த முதல் ஆள் அதைக் கண்டுபிடித்தவர்தான். தொண்டை நனைந்ததும் இன்னும் தெளிவாகப் பேசினார்.

ஜயசேன கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அண்ணன் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நிறுத்துங்கள் என்று ஐயாவிடம் அவர் கேட்கமாட்டார். முப்பது வருடப் பழக்கம், அதோடு தன்னைப் புகழ்கிறார். றீட்டா அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டார்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. கை பொன்னாடைத் தட்டுக்குப் போனது. சிவப்புப் பட்டை விரித்து, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதிரைகளுக்கு நடுவில் இருந்த பாதையில் வந்து நின்றேன்.

ஐயா ஒரு சொல்லின் நடுவில் நின்றார். "குடை" என்று சொல்ல வந்தவர், "கு" என்றதோடு வாய் திறந்தபடி நின்றார். முப்பத்தைந்து வருடம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சிவப்பைக் கண்டவர். அவருடைய மூளை யோசிப்பதற்கு முன் நாக்கு நின்றுவிட்டது. அவருடைய வலது கை தானாகக் காற்சட்டைப் பக்கம் கொடியைத் தேடியது. சபை முழுதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் பட்டை முகத்துக்கு முன்னால் இறக்கிக்கொண்டேன்.

"லைன் கிளியர்," என்றார் ஐயா, தளர்ந்த குரலில். போய்த் தன் கதிரையில் இருந்தார்.

அண்ணன் எழும்பி ஒலிவாங்கிக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டார். "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சபையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே..."

"அதெல்லாம் வுடுங்க," என்றார் றீட்டா அக்கா முன்வரிசையிலிருந்து. "அந்த வார்ஃப் பொம்பிள யாரு? மொதல்ல அதச் சொல்லுங்க."

அண்ணன் ஒலிவாங்கியிலேயே பதில் சொன்னார். "அப்படி ஒருத்தரும் இல்ல றீட்டா. அது வேற நாட்டுக் கவிஞருக்கு நடந்தது. பண்டிதர் மாத்திச் சொல்லிட்டாரு."

"போன மாசம் சொன்னாரே," என்று பின்னாலிருந்து யாரோ உறுதிப்படுத்தினார்கள். சபை சிரித்தது. பண்டிதர் வேட்டியின் கரையைச் சரிசெய்தார். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் கைப்பை தோளிலிருந்து மடிக்கு வந்தது.

அண்ணன் வாசித்தார். சின்னக் கவிதை. உலகத்துக் கப்பலெல்லாம் தனக்குத் தெரியும் என்றும், எந்த நாட்டு மா, எந்த நாட்டுச் சீனி என்று வாசத்திலேயே சொல்வேன் என்றும், ஒன்றிலும் ஏறிப் போகத் தோன்றவில்லை, ஏனென்றால் கரையில் நீ நின்றாய் என்றும் சொன்னது. கடைசி இரண்டு அடிகள் இவை:

நீலச் சேலையில் நின்றவளே, உன்னை
நினைத்தே மூட்டைகள் எண்ணினேன்.

ஒருவரும் கைதட்டவில்லை. எல்லாரும் முன்வரிசையைப் பார்த்தார்கள்.

"இன்னொருக்கா வாசிங்க," என்றார் றீட்டா அக்கா.

அண்ணன் இன்னொரு தரம் வாசித்தார். கடைசி இரண்டு அடிகள் வந்ததும் அக்கா கையைத் தூக்கினார்.

"நீலம் இல்ல. பச்ச."

"நீலம்னுதானே எனக்கு ஞாபகம்."

"பச்ச. நம்ம கலியாணத்துக்கு எங்கம்மா பேட்டையில வாங்கினது. கோயில் வாசல்ல நீலம் கட்டி நின்னது ஒங்க தங்கச்சி."

அண்ணன் பேனையைத் தேடினார். ஐயா தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அண்ணன் தாளை உள்ளங்கையிலேயே வைத்துத் திருத்தினார்.

பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. "பச்சை எண்டா மோனை போயிடும்," என்றார். "நீலத்துக்கு 'நின்றவளே', 'நினைத்தே' எண்டு எவ்வளவு அழகா வந்து நிக்குது. கவிதைக்காக நீலமாவே இருக்கட்டும்."

றீட்டா அக்கா கதிரையில் முழுதாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"அய்யா, எங்க கலியாணத்துக்கு நீங்க வந்திருந்தீங்களா?"

பண்டிதர் இல்லையென்று தலையாட்டினார்.

ஜயசேன என் கையைத் தட்டி என்ன நடக்கிறது என்று கேட்டார். கலியாணச் சேலை நீலமா பச்சையா என்று வழக்கு என்று சொன்னேன். அவர் அதைப் பெரிய விஷயமாக எடுத்து யோசித்தார். ஏழு மணி தாண்டியிருந்தது. அவர் பார்த்தது மேடையைத்தான். "நோனா கியன ஏக ஹரி," என்றார், அந்த அம்மா சொல்வதுதான் சரி என்று.

மூன்றாம் தரம் அண்ணன் முதலிலிருந்து வாசித்தார். மா வந்தது, சீனி வந்தது, கப்பல்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. கடைசி இரண்டு அடிகளுக்கு முன் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் முன்வரிசையைப் பார்த்துவிட்டு, பச்சைச் சேலையில் நின்றவளே என்று வாசித்தார். மோனை இல்லை.

"இப்ப சரி," என்றார் றீட்டா அக்கா.